ஜனங்களுக்கு ருஷ்ய மொழியில் ஒரு சொல்

திண்டிவனத்தில் ருஷ்ய மொழி தெரிந்த ஒரே ஆள் என்று சில காலம் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. தெரிந்தது என்று சொல்வதே அதிகப்படி. ஒரு ருஷ்யனையும் நான் கண்ணால் கண்டதில்லை, அந்த மொழியை யாரும் பேசிக் காதால் கேட்டதும் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் பட்டணத்துக்குப் போன இடத்தில், பழைய புத்தகக் கடை ஒன்றில், அட்டை போன ஒரு புத்தகம் கிடைத்தது. ஆங்கிலம் வழியாக ருஷ்யம் கற்றுக்கொள்வதற்காக எழுதியது. கடைசி ஐம்பது அறுபது பக்கம் அகராதி. அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கல்யாணம் ஆகவில்லை. சாயங்காலம் ஆனால் மற்ற வாத்தியார்கள் சீட்டு ஆடுவார்கள். எனக்குச் சீட்டு வராது. இங்கிலீஷ் எழுத்தைத் திருப்பிப் போட்டது போலிருந்த அந்த எழுத்துகளை வரைந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். கொள்கை, லட்சியம் ஒரு மண்ணும் கிடையாது. பொழுது போகவில்லை, அவ்வளவுதான்.

என் பெரியப்பாவுக்கு விழுப்புரத்தை அடுத்த காணைக் கிராமத்தில் நஞ்சை நிலம். நிலத்தை விட வழக்கு அதிகம். அவருடைய வழக்குகளை நடத்திய வக்கீல் விழுப்புரத்தில் இருந்தார். ஒருமுறை பெரியப்பாவின் பத்திரங்களை அவரிடம் கொடுக்கப் போனபோது, என் பையிலிருந்த இந்தப் புத்தகத்தையும் பார்த்துவிட்டார். மனிதருக்கு முகம் வெளுத்துப் போயிற்று.

“கொளுத்திப் போடுய்யா இதை. போலீஸ்காரன் கண்ணுல பட்டா கம்யூனிஸ்டுன்னு உனக்கு வேலை போயிடும். எங்கிட்ட வந்து போற ஆளுன்னு என்னையும் கூப்பிட்டு விசாரிப்பான்” என்றார்.

நான் கொளுத்தவில்லை. துணிப்பெட்டிக்கு அடியில் போட்டுவைத்தேன்.

பிறகு யுத்தம் வந்தது. ஜெர்மன்காரன் ருஷ்யாவுக்குள் புகுந்ததும், ருஷ்யாக்காரன் வெள்ளைக்காரனுக்குக் கூட்டாளி ஆகிவிட்டான். கொளுத்தச் சொன்ன அதே வக்கீல், கரியில் ஓடும் யுத்தகால பஸ்ஸில் புகையைத் தின்றுகொண்டு திண்டிவனத்துக்கு என் அறையைத் தேடி வந்தார். ருஷ்ய ஜனங்களுக்கு வாழ்த்துக் கடிதம் அனுப்ப ஒரு கமிட்டி போட்டிருக்கிறாராம், அவர்தான் தலைவராம், சர்க்காரில் பெரிய அதிகாரிகளுக்கெல்லாம் இதில் சந்தோஷமாம். பட்டம் ஏதாவது தட்டுப்படும் என்ற நப்பாசை அவருக்கு உண்டென்பது விழுப்புரத்தில் காக்கைக்குக்கூடத் தெரியும்.

“புஸ்தகம் வெச்சிருக்கியா, இல்ல பயந்துக்கிட்டுக் கொளுத்திட்டியா?” என்று என்னையே கேட்டார். கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டிருக்க வேண்டும். நான் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

கடிதம் இங்கிலீஷில் இருக்கும், தலைப்பு வரி மட்டும் ருஷ்ய எழுத்தில் பெரிதாக இருந்தால் எடுப்பாக இருக்கும் என்பது அவர் யோசனை. ‘விழுப்புரம், திண்டிவனம் ஜனங்களாகிய நாங்கள் வீரமிக்க ருஷ்ய ஜனங்களை வணங்குகிறோம்.’ அவர் எழுதிக் கொடுத்த இங்கிலீஷில் பீப்பிள் என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சொல். அகராதியைப் பிரித்தால் அதற்கு ருஷ்யத்தில் இரண்டு சொல் இருந்தது. ஒன்று லூதி. நாலு பேர் வந்தார்கள், பத்துப் பேர் போனார்கள் என்கிறோமே, அந்த மாதிரி. மற்றது நரோத். ஒரு நாட்டு ஜனம் முழுவதும், ஒருத்தரையும் பிரித்து ஒதுக்க முடியாதபடி, சேர்ந்து ஒன்றாக. அப்படித்தான் என் புத்தகம் சொன்னது.

எங்கள் வீட்டுத் தமிழில் இந்தச் சங்கடமே கிடையாது. வாசலில் வந்து உட்காருகிறவர்கள் மனுசங்க. வரப்பில் வந்து நிற்கிறவர்கள் ஆளுங்க. ‘கல்யாணத்துக்கு எரநூறு மனுசங்க வந்தாங்க, பந்தல் வேலைக்கு இருபது ஆளுங்க’ என்பார் பெரியப்பா. இருநூறையும் இருபதையும் சேர்த்து இருநூற்றிருபது என்று எங்கள் வீட்டில் யாரும் கூட்டியதில்லை. கணக்கு வாத்தியாரான நானும் கூட்டியதில்லை.

விழுப்புரம் போய் வக்கீலைக் கேட்டேன். “ரெண்டு வார்த்தை இருக்கு சார். எதைப் போடட்டும்?”

“எது பெருசோ அதைப் போடுய்யா. ஒருத்தரையும் விடப்படாது. அந்த ஊர்ல எல்லாரும் சமம், தெரியுமோல்லியோ?”

அப்படியானால் நரோத்தான். கெட்டித் தாளில் பென்சிலால் கோடு போட்டு, ஒரு வாரம் குந்தி, அந்த ஒரு வரியை மையில் எழுதி முடித்தேன். அழகாகத்தான் இருந்தது. எனக்குக் கர்வம் தலைக்கேறிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் விழுப்புரத்தில் ஒரு சந்தை நாளில் கூட்டம் போட்டார்கள். வக்கீல் நன்றாகப் பேசுவார். ருஷ்யாவில் வயலில் வேலை செய்கிற பெண் பிள்ளை பெற்றிருந்தால், வேளை தவறாமல் மணி அடிப்பார்களாம். அறுப்பு அப்படியே நிற்கட்டும் என்று அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போவாளாம். ஒருவன் வாய் திறந்து ஏன் என்று கேட்க முடியாதாம். சொல்லும்போது அவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. எனக்கும் கண் கலங்கியது.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண்பிள்ளை என்னிடம் வந்து பத்தடி தள்ளி நின்றாள். காணைக்குப் பக்கத்துச் சேரிக்காரி. பெரியப்பா நிலத்தில் நடவு, களை, அறுப்பு எல்லாவற்றுக்கும் அவள்தான் பெண்களை அழைத்துக்கொண்டு வருவாள். பெரியப்பா அவளுக்குப் பெரியாண்டை, நான் சின்னாண்டை. புல்லுக்கட்டு விற்கச் சந்தைக்கு வந்தவள், கூட்டத்தைச் சுற்றிக் கட்டின கயிற்றுக்கு வெளியே நின்று முழுப் பேச்சையும் கேட்டிருக்கிறாள்.

“சின்னாண்டே, மெய்யாலுமா? நடு அறுப்புல பால் குடுக்க உடுவாங்களா?”

“ஆமாம். அங்க அப்படித்தான்.”

“எம்பொண்ணு முழுவாம இருக்குது. தை அறுப்புக்கு அது கையில புள்ள இருக்கும். நம்ம பெரியாண்ட வரிசை முடியாம நிமுர உட மாட்டாரு. எனக்கெல்லாம் அப்பிடித்தான். அது மரத்துத் தூளியில தொங்கிக்கினு கத்தும், நான் அறுத்துக்கினு இருப்பேன், சேலையெல்லாம் பாலா நனைஞ்சிப் போவும்.” இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னாள். பிறகு கேட்டாள். “கைநாட்டு வெச்சா அவங்களுக்கு எங்களத் தெரியுங்களா? ஒரு வார்த்த பெரியாண்டைக்கு எழுதுவாங்களா?”

எழுத மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அவள் கேட்ட மாதிரி கேட்டால் என்ன சொல்வது? “தெரியும். கடுதாசியில ஜனங்க எல்லாரும்னுதான் எழுதியிருக்கு. நீங்களும் வந்து வைக்கலாம்” என்றேன். வக்கீல் பேச்சின் சூடு இன்னும் என் மேல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை விழுப்புரம் ரயிலடிக்குப் பக்கத்து வாசகசாலையில் கையெழுத்து வாங்கினோம். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்குக் கைநாட்டு. கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தித் தாளில் வைப்பது சுலபம் என்று நினைக்கக் கூடாது. தானே வைத்தால் அப்பிக்கொள்ளும். பத்திர ஆபீசில் குமாஸ்தா செய்வது போல, இன்னொருவர் விரலைப் பிடித்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாக உருட்டி எடுக்க வேண்டும். அப்போதுதான் ரேகை விழும். அந்த வேலை என்னுடையது. மளிகைக்காரர், வண்டிக்காரர், மல்லாட்டைக் கடலை மண்டிக்காரர் என்று நாற்பது ஐம்பது விரலை மத்தியானத்துக்குள் பிடித்து உருட்டியிருப்பேன். வேர்வை விரல், சொறி விரல், மூக்குப்பொடி விரல். ஒன்றுக்கும் நான் முகம் சுளிக்கவில்லை.

அந்தப் பெண்பிள்ளை இன்னும் நாலு பெண்களுடன் காணையிலிருந்து நடந்தே வந்துவிட்டாள். படியேறவில்லை. யாரும் ஏறாதே என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. வக்கீல் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பெரிய தாள்ல இடமில்லைய்யா. இவாளுக்கு வேற தாள் போட்டுக்கோ” என்றார். பெரிய தாளில் பாதி வெறுமையாகக் கிடந்தது. நரோத் என்று நான் எழுதிய வரிக்கு நேர் கீழே.

வேறு தாளையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்ப் படிக்குக் கீழே ஒரு பலகையில் வைத்தேன். ஜன்னல் வழியாக நான் செய்வதை அவள் பார்த்திருக்கிறாள். கட்டைவிரலை என் பக்கம் நீட்டினாள், நான் பிடிப்பேன் என்று.

என் கை போகவில்லை. ஒருவர் தடுத்திருந்தால் அவர் மேல் பழியைப் போடலாம். ஒருவரும் பார்க்கக்கூட இல்லை. அவள் விரல் அங்கேயே நீட்டியபடி இருந்தது. “நீயே வை” என்றேன். அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, மையில் அழுத்தி, வறட்டி தட்டுவது போலத் தாளில் ஓங்கி வைத்தாள். மற்ற நாலு பேரும் அவளைப் பார்த்து அப்படியே செய்தார்கள். தாளில் ஐந்து கறுப்புத் திட்டு. ரேகை என்று ஒரு கோடு இல்லை. அவர்கள் என்னவோ சாமி கும்பிட்டு முடித்த மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பெரியப்பாவின் வில்வண்டி வந்து நின்றது. வக்கீல் சொல்லியனுப்பியதால் அவரும் கைநாட்டு வைக்க வந்திருந்தார். பலகையில் மைப்பெட்டியைப் பார்த்தார், அவர்கள் விரலில் மையைப் பார்த்தார்.

“அந்த எழவு மையில நானும் கைய வெக்கணுமா? நல்லாகீதுடா உங்க கமிட்டி.”

வக்கீல் பதறிப்போனார். புது மைப்பெட்டி வாங்கலாமென்றால் ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. பக்கத்து ஓட்டலுக்கு ஆள் ஓடியது. தோசைக்கல் அடியில் சுரண்டிய கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, ஒரு வாழையிலைத் துண்டில் கொண்டுவந்தார்கள். சமத்துவ தேசத்துக்கு எழுதுகிற கடிதத்துக்கு, இலை போட்டுப் பரிமாறிய கரி. பெரியப்பா அதில் விரலை வைத்தார். நான் அவர் விரலைப் பிடித்துப் பக்குவமாக உருட்டினேன். ஒரு ரேகை விடாமல் அச்சடித்தது போல விழுந்தது. பெரியப்பாவுக்கு அதைப் பார்த்து ரொம்பத் திருப்தி. நன்றாக இருந்த அந்த மைப்பெட்டியை ஒரு குச்சியால் தள்ளிச் சாக்கடையில் போட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு வக்கீல் தாள்களை அடுக்கினார். ஐந்து திட்டு உள்ள தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“என்னய்யா இது, ஒண்ணுலயும் ரேகையே இல்லை. வெறும் அப்பல். இதை அனுப்பினா நம்ம ஊரைப் பத்தி அவன் என்ன நெனைப்பான்?”

நான் பிடித்து உருட்டவில்லை சார், அதனால்தான் விழவில்லை என்று சொல்ல எனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? “ஆமாம் சார்” என்றேன். அவர் அதை நாலாக மடித்து என்னிடம் கொடுத்தார். என் பையில் போட்டுக்கொண்டேன்.

கடிதத்தை உறையில் போடுமுன் மை சரியாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க என்னிடம்தான் கொடுத்தார். நான் எழுதிய வரியைப் பார்த்தேன். பேனா சட்டைப்பையில் இருந்தது. விழுப்புரத்தில் எவனுக்கும் அதைப் படிக்கத் தெரியாது. எங்கள் ஊர் ஜனங்களுக்குப் போட்ட நரோத் என்பதை அடித்துவிட்டு லூதி என்று எழுதலாம். விழுப்புரம் ஜனங்கள் என்பது விழுப்புரத்துச் சில பேர் என்று ஆகிவிடும், அதுதானே உண்மை என்று ஒரு எண்ணம் வந்தது. நல்ல வேளை, செய்யவில்லை. செய்திருந்தால் ரகசியமாகப் பெரிய வீரன் ஆகிவிட்டதாக ஆயுசு முழுக்க என்னை நானே முதுகில் தட்டிக்கொண்டிருப்பேன். அவள் தாள் என்னவோ என் பையில்தான் இருந்திருக்கும். பையிலிருந்து அதை எடுத்து உறைக்குள் செருகலாம் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை படித்தவனுக்கு அது தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்துக் காணைக்குப் போனபோது களத்துமேட்டில் அவள் எதிரே வந்தாள்.

“சின்னாண்டே, கடுதாசி போயிருச்சிங்களா?”

“போயிடுச்சு.”

“எங்குளுதும்?”

“எல்லாம் போயிடுச்சு.”

சொல்லச் சுலபமாக இருந்தது. அவள் தலைக்கு மேல் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

தை மாதம் பொங்கல் லீவுக்குப் போயிருந்தேன். பெரியப்பா நிலத்தில் அறுப்பு. இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்போரத்துப் பூவரச மரத்தில் ஒரு தூளி. அவள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. நானும் பெரியப்பாவும் வரப்பில் நின்றுகொண்டிருந்தோம். குழந்தை அழ ஆரம்பித்தது. முதலில் சாதாரணமாக, பிறகு மூச்சுப் பிடித்துக்கொண்டு. மகள் ஒரு தரம் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள்.

“இன்னாடி அங்க பார்வ? வரிசைய முடிச்சிட்டுப் போ” என்றார் பெரியப்பா.

மகள் குனிந்துகொண்டாள். தாய்க்காரி நிமிர்ந்தாள். கையிலிருந்த அரிவாளை வரப்பில் வைத்தாள். அவள் பெரியப்பாவை நேருக்கு நேர் பார்த்து நான் அன்றுதான் கண்டேன்.

“ஆண்டே, அது போயிப் பால் குடுத்துட்டு ஜல்தியா வந்துடும். ருசியாவுல இப்பிடித்தான் உடுறாங்களாம், வக்கீலையா சொன்னாரு. எங்க கைநாட்டு அங்க போயிருக்குதுங்க. சர்க்கார் மூலியமா போயிருக்குது. எங்களுக்கு ஒண்ணுன்னா அவங்க கேப்பாங்க.”

அறுப்பு நின்றுவிட்டது. இருபது பேரும் நிமிர்ந்து நின்றார்கள். பெரியப்பா கையை ஓங்குவார் என்று நான் நினைத்தேன். அவர் ஓங்கவில்லை. சர்க்கார் என்ற சொல்லுக்கு அவர் எப்போதும் பயப்படுவார். பாதி வழக்கு சர்க்காரோடுதான். குரல் இறங்கிவிட்டது.

“யாரு சொன்னா போயிருக்குன்னு?”

“இந்தோ, சின்னாண்டதான் சொன்னாரு. அவரையே கேளுங்க.”

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு கலக்கம் இருந்தது. “ஏண்டா, இவளுங்க கைநாட்டு போயிருக்குதா?”

போயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகள் மரத்தடிக்குப் போயிருப்பாள். அவர் யாரிடம் போய் விசாரிக்கப் போகிறார்? எனக்குச் சௌகரியமாக இருந்தபோது கூசாமல் சொன்ன பொய்தான் அது. அவளுக்கு உதவுகிற நேரத்தில் எனக்கு எங்கிருந்தோ சத்தியம் வந்துவிட்டது. பெரியப்பா முன்னால், வரப்பில் நின்றுகொண்டு, அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு வந்த வாயால், “இல்ல பெரியப்பா. போவல” என்றேன்.

பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினார்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படியாவது நடந்திருந்தால் தேவலை. “அப்பிடிங்களா சின்னாண்டே” என்றாள். அரிவாளை எடுத்துக்கொண்டு மகள் பக்கத்தில் போய்க் குனிந்தாள். “வெரசா அறு, முடிச்சிரலாம்” என்று அவளிடம் சொல்லிவிட்டு, தன் வரிசையோடு மகளுடைய வரிசையையும் சேர்த்து அறுக்க ஆரம்பித்தாள். மகளுடைய சேலை முன்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. இன்னும் பாதி வயல் இருந்தது. நான் குடையை விரித்துக்கொண்டு பஸ் பிடிக்கக் காணை ரோட்டுக்கு நடந்தேன். ரோட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் குழந்தையின் அழுகை கேட்டுக்கொண்டிருந்தது.